ஹிட்லர் ஏன் ரஷ்யாவைத் தாக்கினார்? பதில் சொல்லும்போது செய்யக்கூடாத தவறுகள்

நாலு பேர் கூடிய இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். "தலைக்கனம்" என்பார் ஒருவர். "கூட இருந்தே குழி பறித்தான்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "பனியில் மாட்டிக்கொண்டான்" என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல். முழுப் பொய்யாக இருந்தால் ஒதுக்கிவிடலாம்.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரே கேள்வி போலத் தெரிவது உண்மையில் இரண்டு கேள்விகள். ஏன் தாக்கினார் என்பது ஒன்று. இங்கிலாந்துடன் போர் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும்போது, குறிப்பாக 1941-இல், ஏன் தாக்கினார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 1920-களில் பதில் தேட வேண்டும், இரண்டாவதற்கு 1940 கோடையில். ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குப் போட்டால் கணக்கு உதைக்கும்.

ஒப்பந்தத்தை நட்பு என்று நினைப்பது

1939 ஆகஸ்ட் 23 தேதியிட்டு மாஸ்கோவில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவும் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ரோப்பும் கையெழுத்திட்டது போர் தொடுக்கா ஒப்பந்தம். ஒருவர் போரில் இறங்கினால் மற்றவர் தோள் கொடுக்க வேண்டும் என்ற ராணுவக் கூட்டணி அல்ல. பத்து வருடத்துக்கு ஒருவரை ஒருவர் தாக்கமாட்டோம் என்பதுதான் வெளியே சொன்ன விஷயம். உள்ளே ஒரு ரகசிய இணைப்பு இருந்தது. போலந்தைப் பிய்த்துக்கொள்வது எப்படி, பின்லாந்து, எஸ்டோனியா, லாத்வியா யார் பங்கு, ருமேனியா வசம் இருந்த பெசராபியா மேல் யாருக்குக் கண் என்றெல்லாம் அதில் எழுதிவைத்தார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் 28-இல், எல்லையும் நட்பும் பற்றிய இன்னொரு உடன்படிக்கை வந்தது. 'நட்பு' என்ற சொல் தலைப்பிலேயே வந்தது அதில்தான். அதிலும் முக்கிய வேலை, லிதுவேனியாவைச் சோவியத் பங்குக்கு மாற்றியது.

இரு தரப்பும் வாங்கியது கால அவகாசம். போலந்தில் இறங்கும்போது இரண்டு முனைப் போர் வரக்கூடாது என்பது ஹிட்லரின் தேவை. 1938-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் பேச்சுக்கு ஸ்டாலினை யாரும் அழைக்கவே இல்லை. 1939 ஆகஸ்டில் பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தூதுக்குழுக்களுடன் மாஸ்கோவில் நடந்த பேச்சும் எங்கும் போய்ச் சேரவில்லை. மேற்கத்திய நாடுகள் தன்னை ஜெர்மனியோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் என்ற சந்தேகம் ஸ்டாலினுக்கு.

ஹிட்லர் போட்ட மற்ற ஒப்பந்தங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'துரோகம்' என்ற அதிர்ச்சி கொஞ்சம் குறையும். போலந்துடன் 1934 ஜனவரியில் இதே மாதிரி ஒன்று, 1939 ஏப்ரலில் ரத்து, செப்டம்பரில் படையெடுப்பு. டென்மார்க்குடன் 1939 மே மாதம், அதற்கு ஒரு வருடம்கூட ஆகாமல் 1940 ஏப்ரல் 9-இல் படையெடுப்பு. ரஷ்யா இந்த வரிசையில் மூன்றாவதாக வருகிறது, அவ்வளவுதான்.

கொள்கையா, கணக்கா என்று பட்டிமன்றம் நடத்துவது

ஒரு தரப்பு, கிழக்கே நிலம் பிடித்து ஜெர்மானியர்களைக் குடியேற்ற வேண்டும் என்று ஹிட்லர் 1920-களிலேயே எழுதிவிட்டார், அதுதான் காரணம் என்கிறது. இன்னொரு தரப்பு, அதெல்லாம் மேடைப்பேச்சு, அசல் காரணம் இங்கிலாந்து என்கிறது. நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளின் பதில்கள்.

இலக்கு பழையது. ரஷ்ய நிலம், ரஷ்யத் தானியம், யூதர்களும் போல்ஷ்விக்குகளும் (ரஷ்யக் கம்யூனிஸ்டுகள்) ஒன்றே என்ற இனவெறிக் கற்பனை எல்லாம் 1939 ஒப்பந்தத்தால் கரைந்துபோகவில்லை, மடித்து உள்ளே வைக்கப்பட்டன. மறுபடி வெளியே எடுக்க வைத்தது 1940 கோடை. ஜூன் 22-இல் பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. அடுத்து இங்கிலாந்து சமாதானத்துக்கு இறங்கி வரும் என்று ஹிட்லர் எதிர்பார்த்தார். வரவில்லை. கடல் தாண்டிப் போய் இறங்கும் அளவுக்கு ஜெர்மனியிடம் கடற்படை இல்லை.

ஜூலை 31 அன்று பெர்க்ஹோஃப் மாளிகையில் தளபதிகளிடம் ஹிட்லர் பேசியதைத் தரைப்படைத் தலைமை அதிகாரி ஹால்டர் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு ஆவணம்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படிக்கலாம். ஹிட்லர் சொன்னது இது: இங்கிலாந்தின் நம்பிக்கை ரஷ்யாவும் அமெரிக்காவும். ரஷ்யா என்ற நம்பிக்கை போனால் அமெரிக்காவும் போகும், ஏனென்றால் ரஷ்யா விழுந்தால் கிழக்காசியாவில் ஜப்பானின் கை பெரிதாக ஓங்கிவிடும், அமெரிக்கா அந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே 1941 வசந்தத்தில் ரஷ்யாவை முடித்துவிட வேண்டும். சுற்றி வளைத்து லண்டனுக்குப் போகிற வழி மாஸ்கோ என்பது இதன் சாரம். விமானப் போரில் தோற்று, இங்கிலாந்துப் படையெடுப்பைக் காலவரையின்றித் தள்ளிப்போட்டது செப்டம்பர் 17-இல். அதாவது 'இங்கிலாந்தில் தோற்றதால் ரஷ்யா பக்கம் திரும்பினார்' என்று எழுதுகிறவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. விமானப் போர் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே யோசனை மேசைக்கு வந்துவிட்டது.

பெர்லின் பேச்சு முறிந்ததால்தான் போர் என்பது

1940 நவம்பர் 12, 13-இல் மொலோட்டோவ் பெர்லின் வந்தார். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் கூட்டில் சேருங்கள், தெற்கே இந்தியப் பெருங்கடல் பக்கம் உங்கள் பங்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது ரிப்பன்ட்ரோப் நீட்டிய வெற்றிலைத் தட்டு. அந்தத் திசையில் இருந்த சொத்தில் பெரியது பிரிட்டிஷ் இந்தியா என்பதைச் சொல்லத் தேவையில்லை. யார் வீட்டுச் சொத்தை யார் பங்கு போடுகிறார்கள் பாருங்கள். (1939 ஒப்பந்தம் உயிரோடு இருந்த தயவில்தான், 1941 ஏப்ரல் தொடக்கத்தில் சுபாஷ் சந்திர போஸ் ஓர்லாண்டோ மசோட்டா என்ற இத்தாலியப் பெயரில் மாஸ்கோ வழியாகப் பெர்லின் போய்ச் சேர முடிந்தது. மூன்று மாதம் தாமதித்திருந்தால் அந்தப் பாதையே இருந்திருக்காது.)

மொலோட்டோவ் இந்தியப் பெருங்கடலில் மயங்கவில்லை. பின்லாந்தில் உங்கள் படைக்கு என்ன வேலை, ருமேனியாவுக்கு ஏன் உத்தரவாதம் கொடுத்தீர்கள், பல்கேரியா என்ன ஆயிற்று என்று கிட்டத்து விஷயங்களையே கேட்டார். பேச்சின் நடுவே பிரிட்டிஷ் விமானங்கள் வர, எல்லோரும் பதுங்குமிடத்துக்குப் போனார்கள். இங்கிலாந்து கதை முடிந்தது என்று ரிப்பன்ட்ரோப் அங்கேயும் சொல்ல, அப்படியென்றால் நாம் ஏன் இங்கே இருக்கிறோம், விழுவது யார் குண்டு என்று மொலோட்டோவ் கேட்டதாக ஸ்டாலின் பிற்பாடு சர்ச்சிலிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நவம்பர் 25-இல் மாஸ்கோ நிபந்தனைகளோடு சம்மதம் அனுப்பியது. பெர்லின் பதிலே போடவில்லை. டிசம்பர் 18-இல் ஹிட்லரின் 21-ஆம் எண் ஆணை, அதாவது ரஷ்யாவைத் தாக்கும் பார்பரோசா திட்டம், கையெழுத்தானது.

முறிவு நிஜம்தான். ருமேனிய எண்ணெய் இல்லாமல் ஜெர்மன் ராணுவம் நகராது. 1940 ஜூனில் சோவியத் படை பெசராபியாவை எடுத்துக்கொண்டபோதே ப்ளோயெஷ்டி எண்ணெய் வயல்களுக்கு அது நெருங்கிவிட்டது. ஆனால் ஜூலையில் தொடங்கிய திட்ட வேலை மொலோட்டோவ் வந்திருந்த நாட்களிலும் நிற்கவில்லை. பேச்சு முடிவைக் கெட்டியாக்கியது என்று சொன்னால் சரி. பேச்சுதான் முடிவைப் பெற்றது என்றால் பிள்ளைக்குப் பிறகு தாய் பிறந்த கதை.

பைத்தியக்காரத்தனம் என்று முடித்துவிடுவது

இது நமக்கு வசதியான விடை, போருக்குப் பின் நினைவுக்குறிப்பு எழுதிய ஜெர்மன் தளபதிகளுக்கு அதைவிட வசதியான விடை. பைத்தியம் அவர், நாங்கள் தடுத்தோம் என்று எழுதலாம் அல்லவா. உண்மையில் ஹிட்லர் ஜூலை கடைசியில் பேசுவதற்கு முன்பே ஹால்டரின் அலுவலகம் தன் பங்குக்குக் கிழக்குப் பக்கம் அடிப்பது பற்றிக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

ரஷ்யா சில வாரங்களில் சாயும் என்று நம்பியவர்கள் பெர்லினில் மட்டும் இல்லை. படையெடுப்பு நடந்த மறுநாளே அமெரிக்கப் போர்ச் செயலர் ஸ்டிம்சன், ஜெர்மனிக்குக் குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் மூன்று மாதம் ஆகும் என்று ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். ஸ்டாலின் 1937-39-இல் தன் ராணுவத்தின் மிக உயர்ந்த பதவியான மார்ஷல் நிலையில் இருந்த ஐவரில் மூவரைக் கொன்றிருந்தார். சின்னஞ்சிறு பின்லாந்திடம் செஞ்சேனை திணறியதை உலகமே பார்த்திருந்தது. கணக்கு தப்பியது என்பது வேறு, கணக்கே போடவில்லை என்பது வேறு. 200 எதிரி டிவிஷன்களை (படைப்பிரிவுகளை) எதிர்பார்த்தோம், இப்போதே 360 எண்ணிவிட்டோம் என்று ஹால்டர் எழுதியது 1941 ஆகஸ்ட் 11-இல்.

பனியும், 1812-இல் ரஷ்யாவுக்குள் போய்த் தோற்ற நெப்போலியனும் விளைவு பற்றிய பேச்சு, காரணம் பற்றியது அல்ல. யூகோஸ்லாவியா, கிரீஸ் மேல் பாய்ந்ததால் மே 15-க்குத் திட்டமிட்ட தாக்குதல் 1941 ஜூன் 22-க்குத் தள்ளிப்போனது என்பதும் அதே ரகம். அந்த வசந்தத்தில் மழையும் ஆற்று வெள்ளமும் இருந்ததையும் சேர்த்துச் சொல்லாமல் அதைச் சொல்லக்கூடாது.

அரிசி போடுகிறவன் கடையை ஏன் உடைப்பான் என்று கேட்பது

நல்ல கேள்விதான். 1940 பிப்ரவரி வர்த்தக உடன்பாட்டின்படி ரஷ்யாவிலிருந்து தானியம் 15 லட்சம் டன்னுக்கு மேல், எண்ணெய் ஏறக்குறைய 9 லட்சம் டன், இன்னும் மாங்கனீசு, குரோமியம், பருத்தி எல்லாம் போயிற்று. பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையில் இருந்த ஜெர்மனிக்கு அது உயிர்மூச்சு. தாக்குதல் தொடங்குவதற்கு முந்தைய இரவுகூடச் சரக்கு ரயில்கள் எல்லையைக் கடந்துகொண்டிருந்தன. ஜெர்மன் வெளியுறவுத் துறையிலேயே சிலர் இதைச் சொல்லிப் பார்த்தார்கள். மாஸ்கோவில் இருந்த ஜெர்மன் தூதர் ஷூலன்பர்க் ஹிட்லரிடமே நேரில் போய் மன்றாடினார்.

ஹிட்லர் அதே புள்ளிவிவரத்தைத் தலைகீழாகப் படித்தார். குழாயை இன்னொருவன் திருகுகிறான் என்றால் அவன் நினைத்த நாளில் மூடிவிடலாம். அனுப்பிய சரக்குக்கு ஈடாக ரஷ்யா இயந்திரங்களும் கப்பலும் விமான மாதிரிகளும் கேட்டது. அவையெல்லாம் ஜெர்மனிக்கே தேவைப்பட்டவை. வாங்குவதை விட எடுத்துக்கொள்வது மேல் என்ற முடிவுக்கு வந்தபின் நடந்ததைத்தான் வெறும் ராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1941 மே 2-இல் துறைச் செயலர்கள் கூடிப் பேசிய குறிப்பு இருக்கிறது. போரின் மூன்றாம் ஆண்டில் ராணுவம் முழுவதும் ரஷ்யாவிலிருந்தே சாப்பிட்டால்தான் போரைத் தொடர முடியும். நமக்குத் தேவையானதை எடுத்தால் அங்கே எத்தனையோ பத்து லட்சம் பேர் பட்டினியால் சாவார்கள், சந்தேகமில்லை. இதைத் தயங்காமல் அலுவலகக் குறிப்பாக எழுதியிருக்கிறார்கள். உணவுத் துறையின் ஹெர்பர்ட் பாக்கே இந்தத் திட்டத்தின் மூளை. பிடிபட்ட சோவியத் போர்க்கைதிகள் சுமார் 57 லட்சம் பேரில் 30 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள், பெரும்பகுதி பட்டினியாலும் குளிராலும் நோயாலும். கொள்கையும் கணக்கும் வேறு வேறு என்று பிரிக்க முடியாமல் போகிற இடம் இதுதான். தானியக் கணக்கே இனக்கொலைக் கணக்காக இருந்தது.

ஸ்டாலின் முந்தியிருப்பார், ஹிட்லர் முந்திக்கொண்டார் என்பது

அவ்வப்போது உயிர்பெற்று எழும் வாதம் இது. 1941 மே மாதம் சோவியத் தளபதிகள் திமோஷென்கோவும் ஷுகோவும் முந்தி அடிக்கும் ஒரு வரைவைத் தயாரித்தது உண்மை. ஸ்டாலின் அதை ஏற்கவில்லை. ஜூன் 14-இல், ஜெர்மனி தாக்கப்போகிறது என்பதெல்லாம் வதந்தி என்று டாஸ் செய்தி நிறுவனம் மூலம் அறிக்கையே விட்டார். எச்சரிக்கைகள் மலைபோல் குவிந்தும் எல்லைப் படைகளை முழுமையாக உஷார்ப்படுத்தவில்லை. அடிக்கத் தயாராகிறவன் செய்யும் காரியமா இது?

தவறு எங்கே தொடங்குகிறது என்றால் ஜூன் 22-இல் ஷூலன்பர்க் மொலோட்டோவிடம் கொடுத்த அறிவிப்பில். சோவியத் படைக் குவிப்பு பொறுக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது, அதனால் எதிர்நடவடிக்கை என்றது அது. கொடுத்தவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. அதை மூல ஆவணமாக எடுத்து மேற்கோள் காட்டுகிறவர்கள், ஜெர்மன் தரைப்படைக்காக ஜெனரல் மார்க்ஸ் 1940 ஆகஸ்ட் 5-இல் எழுதிக்கொடுத்த முதல் படையெடுப்புத் திட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ரஷ்யர்கள் தாமாக நம்மைத் தாக்கி நமக்கு அந்த உபகாரத்தைச் செய்யமாட்டார்கள் என்று அதில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.