கோவாப் பாத்தியில் கடுகு: துணைப்பயிரைக் கொண்டு புழுவைக் கட்டுப்படுத்தும் முறை

இலங்கை மலையகத்தின் கந்தப்பளையிலும் வெலிமடையிலும், தோட்ட லயங்களை ஒட்டிய சிறு பாத்திகளிலும் கோவா (முட்டைக்கோஸ்) பயிரிடுபவர்களுக்கு அந்தப் பச்சைப் புழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் கண்ணாடிபோல் விட்டுவைக்கும் அது, தொட்டால் துடித்து நூலில் தொங்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுப்பருவம் இது. 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் டி.டி.டி. மருந்துக்கு எதிர்ப்பைப் பெற்றுவிட்ட இந்தப் பூச்சி, அதன் பின் வந்த பல மருந்துகளையும் தாங்கப் பழகிக்கொண்டது. ஆகவே மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதற்கு முன், பூச்சி எங்கே முட்டையிட விரும்புகிறது என்பதைப் பார்ப்பது நல்லது.

கோவாவைவிடக் கடுகுச் செடியில் முட்டையிடவே தாய் அந்துப்பூச்சி பெரிதும் விரும்புகிறது; கடுகின் காரமான வாசனையே அதை இழுக்கிறது. இந்தியாவில் பரிந்துரைக்கப்படும் முறையில் 25 வரிசை கோவாவுக்கு 2 வரிசை கடுகு இடப்படுகிறது. முதல் வரிசையைக் கோவா நாற்று நடுவதற்கு 15 நாட்களுக்கு முன்னும், இரண்டாவதை நட்டு 25 நாட்களுக்குப் பின்னும் விதைக்க வேண்டும். அதாவது நாற்று மேடையில் இருக்கும்போதே பாத்தியில் கடுகு முளைத்திருக்க வேண்டும். முதற்கடுகு முற்றி இலை காயும் வேளையில் இரண்டாவது இளந்தழையோடு நிற்பதற்காகவே இந்த இடைவெளி. நமது படிக்கட்டுப் பாத்திகளில் 25 வரிசை கிடைப்பது அரிது. அங்கே ஒவ்வொரு தட்டின் இரு ஓரங்களிலும் விதைத்தால் போதும். கடையில் வாங்கும் சமையற்கடுகே பயன்படும், ஆனால் ஒரு பிடியை ஈரத்துணியில் முளைக்கவைத்துப் பார்த்துவிட்டு விதையுங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். கடுகில் சேர்ந்த புழுவை அப்படியே விட்டுவிட்டால், பொறியாக இருக்க வேண்டிய வரிசை புழு வளர்க்கும் தொட்டிலாக மாறி, அங்கே வளர்ந்த அந்துப்பூச்சிகள் கோவாவுக்கே திரும்பும். வாரத்துக்கு இரு முறை கடுகு இலைகளைத் திருப்பிப் பாருங்கள். புழு மிகுந்த செடிகளைப் பிடுங்கி ஆழமாகப் புதைக்கலாம், அல்லது கடுகின்மீது மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம். வேம்பு மலைக் குளிரில் செழிப்பதில்லை என்பதால், யாழ்ப்பாணம், வவுனியா போன்ற வறண்ட பகுதிகளிலிருந்து கொட்டையை வருவித்து, 1 லீற்றர் நீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்புத் தூள் என்ற அளவில் ஓர் இரவு ஊறவைத்து வடித்து, மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். கடும் மழை சிறு புழுக்களைக் கழுவித் தள்ளிவிடும். எனவே நுவரெலியாப் பக்கம் தை முதல் பங்குனி வரையிலும், வெலிமடைப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரையிலும் வரும் வறட்சி நாட்களிலேயே இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். கோவாவும் கடுகும் ஒரே குடும்பம். வேர்கள் கதாயுதம்போல் தடித்து வீங்கும் நோய் உள்ள மண்ணில் கடுகும் அந்நோயை வளர்க்கும். அங்கே இம்முறையைத் தவிர்த்து, பயிரை மாற்றுவதே சரி.

கடுகோடு கொத்தமல்லியையும் ஆங்காங்கே விதைத்துப் பூக்க விடுங்கள். புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் நுண்குளவிகளுக்கும், சாறுறிஞ்சும் சிறு பூச்சியான அழுக்கணவனைத் தின்னும் புழுக்களை ஈனும் பூ ஈக்களுக்கும் அதன் சிறு பூக்கள் தேன் தரும். தழைக்காகவே அறுத்துக்கொண்டிருந்தால் இந்தப் பயன் கிடைக்காது.

செண்டுப்பூவைப் பற்றிப் பலரும் மிகையாகவே நம்புகிறார்கள். வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவை அதன் வேர் குறைப்பது உண்மை; ஆனால் ஓரத்தில் நாலு செடி வைத்தால் அது நடக்காது. பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வளரவிட்டு, மண்ணில் மடக்கிய பிறகே தக்காளியோ கரட்டோ போட வேண்டும். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழுவுக்குச் செண்டை நம்பி அதே நிலத்தில் மீண்டும் கிழங்கு நடாதீர்கள். அதற்குப் பல போகம் கிழங்கையே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.