ரூட் பாஸ்வேர்டு தராமல் பென் டிரைவ் மாட்ட விடுவது எப்படி?

அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்காலம் பத்துப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறேன். பெரிய டெஸ்க்டாப்பை அது தாங்காது. அதனால் பென் டிரைவ் செருகினால் தானாகத் திறக்காது. "அக்கா, பாஸ்வேர்டு!" என்று அடுப்படி வரைக்கும் குரல் வரும். ஒருநாள் அலுத்துப்போய் ரூட் (மெஷினில் எதையும் செய்யக்கூடிய தலைமைக் கணக்கு) பாஸ்வேர்டையே சொல்லிவிட்டேன். மறுநாள் பாதி நோட்ஸைக் காணோம். பையனைத் திட்டி என்ன பயன், சாவியைக் கொடுத்தது நான்தானே!

மவுண்ட் செய்வதை, அதாவது டிரைவை ஒரு ஃபோல்டரில் மாட்டித் திறப்பதை, ரூட்டுக்கு மட்டும் வைத்திருப்பதில் நியாயம் உண்டு. இல்லாவிட்டால் யாராவது தன் பென் டிரைவை, சிஸ்டத்தின் அமைப்பு ஃபைல்கள் இருக்கும் /ஈடிசி மேலேயே மாட்டிவிடலாம். நாம் செய்யப்போவது, ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் அனுமதி.

(கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து.)

பென் டிரைவைச் செருகி, டிரைவ்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கொடுங்கள். என் மெஷினில் அது எஸ்டிபி1 என்று வருகிறது; உங்களுடையதில் வேறாக இருக்கலாம். அடுத்து, ரூட்டாக இருந்து /மீடியா/பென் என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். பிறகு எந்த டிரைவ் எங்கே மாட்டும் என்று எழுதியிருக்கும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலை நகல் எடுத்து வைத்துவிட்டுத் திறங்கள். இதில் பிழை விழுந்தால் மெஷின் பூட் ஆகாமலே நிற்கலாம். கடைசியில் இந்த வரி:

/டெவ்/எஸ்டிபி1 /மீடியா/பென் ஆட்டோ யூசர்ஸ்,நோஆட்டோ 0 0

முதல் 'ஆட்டோ', ஃபைல் சிஸ்டம் (டிரைவ் ஃபார்மட் செய்யப்பட்ட வகை) எது என்று அதுவே கண்டுபிடிக்க. 'நோஆட்டோ', பூட் ஆகும்போது மாட்டாமல் இருக்க. உயிர் இருப்பது 'யூசர்ஸ்' என்ற சொல்லில். கடைசி 'எஸ்' விட்டுப்போய் 'யூசர்' என்று எழுதினால், மாட்டியவர்தான் கழற்றவும் முடியும். டியூஷனுக்கு வரும் பெரிய பெண் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்; அடுத்தவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். 'யூசர்ஸ்' என்றால் யாரும் கழற்றலாம். இரண்டிலுமே பென் டிரைவில் உள்ள புரோகிராம்கள் நேரடியாக ஓடாது. டியூஷன் மெஷினுக்கு அது நல்லதுதான்.

ஒரே பென் டிரைவ்தான் என்றால் /டெவ்/எஸ்டிபி1 இடத்தில் 'யுயுஐடி=' என்று (இது மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) எழுதி, அந்த டிரைவுக்கே உரிய யுயுஐடி அடையாள எண்ணைப் போடுவதே பத்திரம். எங்களுக்கு ஆளுக்கொரு பென் டிரைவ், அதனால் முடியவில்லை.

இனி பிள்ளைகள் 'மவுண்ட் /மீடியா/பென்' என்று தட்டினால் போதும். ஒரு சிக்கல்: ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் உள்ள பென் டிரைவில், மாட்டியவருக்கே எழுதும் உரிமை. அடுத்தவர் படிக்கலாம், சேமிக்க முடியாது. கழற்றித் தன் பெயரில் மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி என்ற சிஸ்டத்தில் வழி வேறு: விஎஃப்எஸ்.யூசர்மவுண்ட் என்ற சிஸ்சிடிஎல் (சிஸ்டம் அமைப்பு) மதிப்பை 1 ஆக்க வேண்டும். மாட்டும் ஃபோல்டர் அந்த யூசருக்கே சொந்தமாக இருக்க வேண்டும். டிவைஸைத் திறக்கும் அனுமதியும் வேண்டும்.

கழற்ற 'யுமவுண்ட் /மீடியா/பென்'. 'யு'வுக்கு அடுத்து 'என்' கிடையாது. முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் இடறினார்கள். 'டார்கெட் இஸ் பிஸி' என்று வந்தால், யாரோ அந்த ஃபோல்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். 'சிடி' என்று மட்டும் தட்டி வெளியே வந்து, திறந்த ஃபைல்களையும் மூடிவிட்டுக் கழற்றுங்கள்.