ஊளைக் குரங்கின் உடலுக்குள்ளே: ஒப்பிட்டுப் படிக்கப் பழகுவோம்

உள்ளுறுப்புகளைப் படிக்கப் புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பில் உறுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். அதைத் தள்ளிவையுங்கள். இந்த உயிர் என்ன தின்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு இரண்டு விலங்குகளின் உறுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து ஒப்பிடுங்கள். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும்.

1. முதலில் ஒப்பிடுவதற்கான இணையைத் தேர்ந்தெடுங்கள். எடை ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறுப்பு பெரியதா, உடலே பெரியதா என்று குழம்பிப்போவோம். நடு, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் ஊளைக் குரங்கும் (howler monkey) சிலந்திக் குரங்கும் (spider monkey) அருமையான இணை. இரண்டும் ஏறத்தாழ 7, 8 கிலோ. முன்னது இலையை நிறையத் தின்னும். பின்னது பழுத்த பழத்தைத் தேடி அலையும்.

2. பற்களை எண்ணுங்கள். இரண்டுக்கும் 36, நமக்கு 32. தாடையின் ஒவ்வொரு பாதியிலும் முன்கடைவாய்ப் பற்கள் நமக்கு இரண்டு, அவற்றுக்கு மூன்று.

3. அடுத்தது தொண்டை. உங்கள் தாடைக்குக் கீழே, கழுத்தின் மேற்பகுதியை இரு விரல்களால் மெல்லத் தொட்டு எச்சிலை விழுங்குங்கள். அங்கே ஏறி இறங்குபவற்றில் நாவடி எலும்பும் ஒன்று. நம்முடையது லாடம் போல வளைந்த மெல்லிய எலும்பு. ஊளைக் குரங்கில் அதுவே உள்ளீடற்ற குடுவையாகப் புடைத்திருக்கிறது. ஆண்களில் இன்னும் பெரிது. அந்தக் குரல் காட்டைத் தாண்டிக் கிலோமீட்டர் கணக்கில் கேட்பதற்கு இந்தக் குடுவையும் ஒரு காரணம். சிலந்திக் குரங்கில் இது இல்லை. படத்தில் இதற்குத் தாராளமாக இடம் விடுங்கள்.

4. இப்போது குடல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஊளைக் குரங்கின் பெருங்குடலை அகலமாகவும் நீளமாகவும் வரையுங்கள். சிலந்திக் குரங்குக்குக் குறுகலாக வரையுங்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இரண்டையும் ஆராய்ந்த கேத்தரின் மில்டன், உணவு உடலைக் கடக்க முன்னதில் சுமார் 20 மணி நேரமும் பின்னதில் சுமார் 4 மணி நேரமும் ஆவதைக் கண்டார். இலையின் நாரை நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்க அவ்வளவு அவகாசம் வேண்டும். இலை தின்னும் குரங்குக்கெல்லாம் இதே குடல்தான் என்று எண்ணிவிடாதீர்கள். நம் நீலகிரிக் கருமந்தியில் அந்த வேலை, அறை அறையாகப் பிரிந்த இரைப்பையிலேயே நடக்கிறது.

5. கடைசியாக மூளை. சிலந்திக் குரங்குக்குச் சுமார் 107 கிராம், ஊளைக் குரங்குக்குச் சுமார் 50. எந்த மரம் எப்போது பழுக்கும் என்று நினைவில் வைத்திருக்க வேண்டிய வாழ்க்கை, மூளையைப் பெரிதாக்கியிருக்கலாம் என்பது மில்டனின் விளக்கம். குடலுக்குப் பக்கத்திலேயே, அதே அளவுகோலில் மூளையையும் வரையுங்கள்.