கையெழுத்துக்கு முன் கண்மாயைச் சுற்றி நடந்து பாருங்கள்

அண்மையில் ஒரு கண்மாய்க்கரையில், பணிக்குப் புதிதாக வந்த இளைஞர்கள் சிலர், ஒப்பந்தம் முடிவாகிவிட்ட கண்மாய் வேலையின் மதிப்பீட்டை நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாசித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அதையே செய்தவன். இத்தகைய சங்கங்களை அமைக்கும்போது நாம் செய்யும் தவறுகளையே கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்; கணக்கேடு, கூட்ட வருகை ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவை ஓராண்டில் தாமாகவே பழகிவிடும்.

ஊர் எல்லையைச் சங்க எல்லையாக்குவது

மடை பாயும் நிலமே எல்லை.

வரைபடம் முடிந்தபின் விவசாயிகளை அழைப்பது

நான் பணிபுரிந்த ஒரு கண்மாயில் பழைய மதகை இடித்துப் புதியது கட்டினார்கள். அளவெடுத்தவர்கள், மதகின் முன் படிந்திருந்த வண்டலின் மேல்மட்டத்தையே கண்மாயின் தரையாகக் கொண்டதால், புதிய மதகின் அடிமட்டம் ஏறத்தாழ ஓர் அடி உயர்ந்துவிட்டது. ஆழமின்றிப் பரந்து கிடக்கும் கண்மாயில் ஓர் அடி என்பது பல நாள் பாய்ச்சலுக்கான தண்ணீர். கோடைதோறும் அந்த வண்டலை வெட்டி மடைக்கு வழிவிட்டுவந்த நீர்க்கட்டியிடம் (மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் ஊர்ப் பணியாளர்) யாரும் கேட்கவில்லை; சங்கத்தை அமைத்த நானும் கேட்கவில்லை. தை மாதம், நெல் பால் பிடிக்கும் வேளையில், உள்ளே தண்ணீர் கிடந்தும் மதகில் ஒரு சொட்டு வரவில்லை. தலைமடைக்காரர்கள் இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டார்கள். கடைமடையில் நெல் மணி பிடிக்காமல் சாவியாகப் போயிற்று. முதியவரான அந்த நீர்க்கட்டி தம் கெண்டைக்காலைத் தொட்டு, "இம்புட்டுத் தண்ணி சும்மா கெடக்கு, சார்" என்றதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இதைத் தவிர்க்கும் வழி முன்பே தெரிந்ததுதான். பிலிப்பைன்ஸ் தேசிய பாசன நிர்வாகம், 1976இல் லாவுர் என்ற ஊரில் தொடங்கிய சோதனை முயற்சியின் பாடத்தைக் கொண்டு, விவசாயிகளைத் திரட்டும் ஊழியர்களைக் கட்டுமானத்துக்குப் பல மாதங்கள் முன்பே அனுப்பத் தொடங்கியது. இலங்கையின் கல்லோயா பாசனத் திட்டத்தின் இடதுகரையில், 1981 முதல், அமைப்பாளர்கள் விவசாயிகளிடையே தங்கி, ஒரே வயல் வாய்க்காலில் பாய்ச்சுவோரை முதலில் தூர்வாரச் செய்து, பிறகே ஒருமனதாகப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். தலைமடைச் சிங்கள விவசாயிகள் கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீரை மிச்சப்படுத்தி விட்ட இடம் அது.

பட்டாதாரரை மட்டும் சேர்ப்பது

குத்தகைக்கு உழுபவரும், கணவர் பெயரிலுள்ள நிலத்துக்குத் தண்ணீர் கட்டும் பெண்ணும் வெளியே நின்றுவிடுவார்கள்.

நீர்க்கட்டியின் கூலியை மறப்பது

தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அறுவடையில் நீர்க்கட்டிக்கு அளக்கும் நெல் எவ்வளவு, யார் யார் அளப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவுசெய்து ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கூலி நின்ற ஊரில் இரவில் மடையைத் திறக்க ஆள் வராது.