வாரத்துக்கு 20 மணி நேரம்: மலையிலிருந்து வெளிநாடு படிக்கப் போகும் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

"அண்ணா, போன வாரம் 12 மணி நேரம்தான் வேலை பார்த்தேன். இந்த வாரம் 28 பார்த்துட்டா ரெண்டு வாரத்துக்கும் சேர்த்து 40 தானே? கணக்கு சரியாயிடும்ல?"

பிரிட்டனுக்குப் போன இரண்டாவது மாதத்தில் ஊர்க்காரச் சீனியருக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி இது. ஒரு வருடம் கோத்தகிரிப் பையன் கேட்பான், மறு வருடம் கூடலூர்ப் பெண் கேட்பாள். கேள்வி மட்டும் மாறுவதில்லை. பாதிப் பேர் அந்த 28 மணி நேரத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் கேட்கிறார்கள்.

பாஸ்போர்ட் நகல், இன்சூரன்ஸ், ஸ்வெட்டர் எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். மாணவர் விசாவில் வேலை பார்க்கும்போது விவரம் தெரிந்த பிள்ளைகளே மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

வாரக் கணக்கைச் சராசரி போடுவது

இந்தத் தவறின் வேர் நம் மலையிலேயே இருக்கிறது. ஏப்ரல், மே சீசனில் ஊட்டியிலோ குன்னூரிலோ ஓட்டல் வேலை பார்த்த பிள்ளைக்குக் கூட்டம் இருக்கும்போது ஒரு நாளைக்கு 14 மணி நேரம் நிற்பதும், மழை பிடித்ததும் நாலு நாள் சும்மா இருப்பதும் சகஜம். மாதக் கடைசியில் முதலாளியோடு உட்கார்ந்து கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். அதே பழக்கத்தோடு விமானம் ஏறுகிறார்கள். பிரிட்டன் குடிவரவு விதியில் கூட்டிக் கழிக்க இடமே கிடையாது.

பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்போ அதற்கு மேலோ படிப்பவர்களுக்குப் பொதுவாகப் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். பட்டப்படிப்புக்குக் கீழ்நிலைப் படிப்பென்றால் 10. வாரம் என்பது திங்கட்கிழமை தொடங்கும் 7 நாள். போன வாரம் பூஜ்யமாக இருந்தாலும் இந்த வாரம் 21 வந்தால் மீறல்தான். பார்க்காமல் விட்ட மணி நேரம் அடுத்த வாரத்துக்குச் சேராது.

அதிகம் பேர் மாட்டுவது கேர் ஹோம் (முதியோர் பராமரிப்பு இல்லம்) ஷிப்டில். காலை 8 முதல் இரவு 8 வரை ஒரு ஷிப்ட், நடுவில் ஒரு மணி நேரம் சம்பளமில்லாத இடைவேளை என்றால் பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டில்) ஏறுவது 11 மணி நேரம். "ரெண்டே ரெண்டு நாள்தான்" என்று ஒத்துக்கொள்வார்கள். 11-ம் 11-ம் 22. ஒத்துக்கொண்ட அன்றைக்கே விதி உடைந்துவிட்டது. இரண்டாவது ஷிப்டை 9 மணி நேரத்துக்குக் குறைத்துத் தரும்படி மேனேஜரிடம் ஆரம்பத்திலேயே கேளுங்கள். தர மறுத்தால் ஒரு ஷிப்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்டில் கூடுதல் கவனம் வேண்டும். ஞாயிறு இரவு 8 மணிக்கு ஏறி திங்கள் காலை 8-க்கு இறங்கினால், நள்ளிரவு வரையிலான 4 மணி நேரம் ஒரு வாரத்தில் சேரும், மீதி 8 அடுத்த வாரத்தில் சேரும். ரோட்டா (ஷிப்ட் அட்டவணை) போடும் மேனேஜருக்கு அது ஒரே ஷிப்ட். உங்கள் விசாவுக்கு அது இரண்டு வாரம்.

இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொரு முதலாளியிடமும் 20 மணி நேரம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எல்லா வேலையும் சேர்த்துத்தான் 20. "ரெண்டு நாள் சும்மா வந்து பாரு, பிடிச்சா எடுத்துக்கறோம்" என்று ஒரு ரெஸ்டாரண்ட் கூப்பிட்டால், அந்தச் சம்பளமில்லாத உழைப்பும் கணக்கில் ஏறும். தொண்டு நிறுவனத்தில் விருப்பப்பட்டுச் செய்யும் உண்மையான சேவை மட்டும் வேறு. ஆனால் குறித்த நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும், சம்பளக்காரர் செய்யும் வேலையையே செய்ய வேண்டும் என்றால் அது சேவை ஆகாது.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்ற பேச்சுதான் மிகவும் எரிச்சலூட்டுவது. சம்பளம் போடும் ஒவ்வொரு முறையும் முதலாளி பிரிட்டிஷ் வரித்துறைக்கு விவரம் அனுப்புகிறார். உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணின் கீழ் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் வந்து சேரும். மாணவர்களை வேலைக்கு எடுக்கும் முதலாளி அவர்களுடைய பாட கால, விடுமுறைத் தேதிகளை வாங்கி வைத்திருக்கவும் வேண்டும். அனுமதியில்லாத வேலை கொடுத்தால் 2024 பிப்ரவரி முதல் முதலாளிக்கு ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி மாட்டினால் 60,000 வரை. ஆகவே, சிக்கல் வந்தால் அவர் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்.

இதன் விலை உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. அந்த வாரம் ஒன்றும் நடக்காது, அந்த வருடமும் நடக்காமல் போகலாம். படிப்பு முடிந்து நல்ல கம்பெனி வேலைக்கு எடுத்து, அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் பழைய சம்பளப் பதிவு எதிரே வந்து நிற்கும். நிபந்தனையை மீறியது குற்றம். இருக்கும் விசாவை ரத்து செய்யவும், அடுத்ததை மறுக்கவும் அதுவே காரணமாகும். எட்டு மணி நேரக் கூடுதல் சம்பளம் நூறு பவுண்டு. ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) அப்பா நிலத்தை வைத்து வாங்கிய கடன் பல லட்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், இடைவேளை, முதலாளி பெயர். ஞாயிறு இரவு கூட்டிப் பாருங்கள். பேஸ்லிப் மாதத்துக்கு ஒன்றாக வருவதால் வாரக் கணக்கு அதில் மறைந்துவிடும். கேள்வி வந்தால் ரோட்டாவின் போட்டோவும் இந்த நோட்டும்தான் கை கொடுக்கும். 20 வரை இழுக்காமல் 18-ல் நின்றால், கடைசி நேரத்தில் "இன்னும் அரை மணி நேரம் இரு" என்பதைத் தாங்க இடமிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் இதே தவறு வேறு வடிவில் வரும். அங்கே 2023 ஜூலை 1 முதல் பாடம் நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். அந்த 14 நாள் எந்தத் திங்களிலும் தொடங்கும். வரிசையாக நான்கு வாரம் 10, 34, 20, 28 மணி நேரம் பார்த்தவர் முதல் ஜோடி 44, அடுத்த ஜோடி 48, எல்லாம் சரி என்பார். நடுவில் இருக்கும் 34-ம் 20-ம் சேர்ந்தால் 54. அது மீறல். ஆராய்ச்சி முதுநிலை, பிஎச்.டி. படிப்பவர்களுக்குப் படிப்பு தொடங்கியபின் இந்த வரம்பு இல்லை.

கோடை என்றாலே லீவு என்று நினைப்பது

பிரிட்டனில் ஓராண்டு முதுநிலை படிப்பவர்களுக்கு மே மாதத்தோடு வகுப்பு முடிந்துவிடும். கேம்பஸ் காலியாகும், இளநிலை மாணவர்கள் முழுநேர வேலைக்குப் போவார்கள். அதைப் பார்த்து இவர்களும் 40 மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை டிசர்டேஷன் (ஆய்வேடு) எழுதும் காலம், அதுவும் பாட காலம்தான். 20 மணி நேர வரம்பு அப்படியே இருக்கும். ரூம்மேட் லீவில் இருக்கிறான் என்பதால் உங்களுக்கும் லீவு ஆகாது. உங்கள் படிப்பின் அதிகாரப்பூர்வ விடுமுறைத் தேதிகளைப் பல்கலைக்கழகத்திடம் கடிதமாக வாங்கி முதலாளியிடம் கொடுங்கள். பிஎச்.டி. மாணவர்களுக்கு மேற்பார்வையாளர் ஒப்புதலோடு எடுக்கும் விடுப்பு நாட்கள் மட்டுமே லீவு.

அயர்லாந்தில் இதற்கு நேர்மாறு. அங்கே தேதியை அரசே குறித்துவிட்டது: ஜூன் முதல் செப்டம்பர் முடிய, பிறகு டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரை வாரம் 40 மணி நேரம். மற்ற நாட்களில் 20. ஈஸ்டருக்கு உங்கள் கல்லூரி மூடியிருந்தாலும் 20 தான்.

"சம்பளம் இல்ல, சொந்தமா பண்றேன்" என்பது

பிரிட்டன் மாணவர் விசாவில் சொந்தத் தொழில் அறவே கூடாது. உணவு டெலிவரி ஆப்கள் ஓட்டுநர்களைச் சுயதொழிலாளர் என்றே சேர்க்கின்றன. எனவே ஒரு மணி நேரம் ஓட்டினாலும் தவறு. இன்ஸ்டாகிராமில் காசுக்கு விளம்பரம் போடுவதும், ட்யூஷன் எடுத்து நேரடியாகப் பணம் வாங்குவதும் இதே வகை.

லீட்ஸில் அறையில் உட்கார்ந்து கோயம்புத்தூர் கம்பெனிக்கு டிசைன் செய்து கொடுப்பவர், சம்பளம் இந்திய வங்கியில் விழுவதால் பிரச்சினை இல்லை என்று நினைப்பார். உடல் எங்கே இருந்து வேலை செய்கிறதோ அங்கேதான் கணக்கு. அந்தக் கம்பெனியின் ஊழியர் என்றால் 20 மணி நேரத்தில் சேரும். ஃப்ரீலான்ஸ் என்றால் அனுமதியே இல்லை. கனடாவில் இது வேறு: நாட்டுக்கு வெளியே இருக்கும் முதலாளிக்கு ஆன்லைனில் செய்யும் வேலை அங்குள்ள 24 மணி நேர வரம்பில் சேராது. ஆஸ்திரேலியாவில் ஏ.பி.என். என்ற சொந்தத் தொழில் பதிவு எண் எடுத்து டெலிவரி ஓட்டலாம், ஆனால் 48-க்குள் அடங்க வேண்டும். ஒரு நாட்டில் அண்ணன் செய்ததை இன்னொரு நாட்டில் தம்பி செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

அடுத்தவர் ஐடியில் டெலிவரி ஓட்டுவது

வேண்டாம். எந்த நாட்டிலும்.

படிப்பு தொடங்குமுன் வேலைக்குப் போவது

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் முதல் வகுப்பு தொடங்கும் நாள் வரை பொறுக்க வேண்டும்.

கனடாவில் தவறான ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவது

2024 நவம்பர் 8 முதல் கனடாவில் கேம்பஸுக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். இது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிகிறது. தெரியாமல் போவது படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியில். 2024 நவம்பர் 1 முதல் அதற்கு மொழித் தேர்வு மதிப்பெண் கேட்கிறார்கள். பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு சி.எல்.பி. (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 7, அதாவது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் ஜெனரல் வகையில் நான்கு பகுதியிலும் 6.0. அட்மிஷனுக்காக எழுதிய அகாடமிக் வகைத் தேர்வு செல்லாது, எட்டு எடுத்திருந்தாலும் செல்லாது. மதிப்பெண் இரண்டு ஆண்டுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். படிப்பு முடித்ததற்கான உறுதி கைக்கு வந்த 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், கடைசி செமஸ்டரிலேயே தேர்வுத் தேதியைப் பிடித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் தேதிகளைத் தவறவிடுவது

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம். வெளியே இருக்கும் மளிகைக் கடையில், பெட்ரோல் பங்க்கில் நிற்க அனுமதி இல்லை. படிப்புக்குப் பின் வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அனுமதிக்கு, படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்பு வரை விண்ணப்பிக்கலாம் என்பதைச் சரியாக நினைவில் வைத்திருப்பார்கள். பல்கலைக்கழக அதிகாரி பரிந்துரை பதிந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான் மறப்பார்கள். பரிந்துரை வாங்கிவிட்டுக் கட்டணத்துக்குப் பணம் புரட்டும் வேலையில் இறங்கினால் அந்த 30 நாள் ஓடிவிடும். பணத்தைத் தயார் செய்துவிட்டுப் பரிந்துரை கேளுங்கள்.

அனுமதி தொடங்கிய பிறகு வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. ஊட்டியில் பார்மசி முடித்து முதுநிலைக்குப் போகிறவர்கள், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 தாளில் அச்சாகியிருக்கும் சி.ஐ.பி. எண் (படிப்பின் வகையைக் குறிக்கும் எண்) ஓ.பி.டி.யில் கூடுதல் 24 மாதத்துக்குத் தகுதியான பட்டியலில் உள்ளதா என்று சேருவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு படிப்புக்கு எண் வேறாக இருக்கும்.

ஜெர்மனியில் அரை நாளை மறப்பது

2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். 4 மணி நேரம் வரை அரை நாள். 5 மணி நேர ஷிப்டுக்கு ஒரு முழு நாள் கழியும். பல்கலைக்கழகத்திலேயே மாணவ உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது, அதை முதலில் தேடுங்கள்.

பார்ட் டைம் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்குவது

மேலே சொன்ன மீறல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. "அங்க போய் சம்பாதிச்சே எல்லாம் சமாளிச்சுக்கலாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பிரிட்டனில் 21 வயது முடிந்தவருக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 20 மணி நேரம் குறையாமல் கிடைத்தால் 254 பவுண்டு, மாதம் சுமார் 1,100. விசாவுக்காக அரசே கணக்கிட்டிருக்கும் மாதச் செலவு லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு, லண்டனில் 1,529. வரம்புக்குள் நின்றால் சாப்பாடும் வாடகையும்கூட முழுதாகத் தேறாது. கல்விக் கட்டணத்துக்கோ ஊரில் ஓடும் தவணைக்கோ ஒரு பவுண்டும் மிஞ்சாது. பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் எவ்வளவு இருக்கும் என்று தெரியாத வீடு, முதல் வருடச் செலவுக்கு முழுப் பணமும் கையில் வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் ஒரு வருடம் தள்ளிப் போடட்டும்.

ஏற்கெனவே வரம்பு தாண்டிவிட்டால்

அந்த வாரமே நிறுத்துங்கள். அடுத்த வாரம் குறைத்துப் பார்த்து ஈடுகட்ட முயல வேண்டாம், அது ஈடாகாது. பேஸ்லிப்பை மாற்றித் தரும்படி யாரிடமும் கேட்காதீர்கள், அது தனிக் குற்றம். எந்தெந்த வாரம், எத்தனை மணி நேரம் என்று உள்ளபடி எழுதி, பேஸ்லிப்களோடு பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகரைப் பாருங்கள். அமெரிக்காவில் என்றால் குடிவரவு வழக்கறிஞரையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அனுமதியில்லாத வேலை அங்கே மாணவர் நிலையைத் திரும்பப் பெறும் வழியையே அடைக்கும். பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை சொல்லப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அட்மிஷன் வாங்கித் தந்த கன்சல்டன்சிக்காரர் போனில் சொல்லும் சமாதானத்தை வைத்து அடுத்த விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம்.