விவசாயக் கண்காட்சியில் சேப்ளினாகப் போகிறீர்களா?

சேப்ளின் என்றால் சர்ச் சார்பில் அங்கே வருகிறவர்களோடு பேசி, கஷ்டத்தில் துணையாக நிற்கிறவர். முதல் வேலை, சர்ச் கூடாரத்தை விட்டு வெளியே வருவது. பிரிட்டனின் பெரிய விவசாய ஷோக்களில், வேல்ஸின் ராயல் வெல்ஷ், ஹாரகேட்டின் கிரேட் யார்க்‌ஷயர் மாதிரி இடங்களில், டீயும் நாற்காலியும் போட்ட கூடாரம் ஒன்று கிடைத்துவிட்டால் புதிதாக வரும் தன்னார்வலர்கள் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே சர்ச்சுக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் கால்வலிக்கு உட்கார இடம் தேடி வந்தவர்கள். நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார், கூடாரம் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

இதற்குப் போதகராக இருக்க வேண்டியதில்லை, சாதாரண சபை உறுப்பினர்களும் செய்கிறார்கள். ஆனால் தனியாகக் கிளம்பிப் போகாதீர்கள். ஷோ நடத்தும் சங்கத்தின் அனுமதி, ஒரு குழு, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர், போலீஸ் பதிவுச் சரிபார்ப்பு, பாதுகாப்புப் பயிற்சி, கழுத்தில் பெயர் அட்டை, இதெல்லாம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். அக்ரிகல்சுரல் சேப்ளின்ஸ் அசோசியேஷன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

அப்புறம் நேரம். ராயல் வெல்ஷ் ஜூலையில், திங்கள் முதல் வியாழன் வரை, வேல்ஸில் லான்எல்வெத் என்ற ஊரில் நடக்கும் (1963லிருந்து அதுதான் நிரந்தர இடம்). போட்டிக்கு மாடு கொண்டுவந்தவர்கள் விடியற்காலையிலேயே எழுந்து குளிப்பாட்டி, ட்ரையர் போட்டு முடியை உலர்த்திக்கொண்டிருப்பார்கள். வெள்ளைக் கோட்டு மாட்டி, கையில் கயிற்றோடு நிற்கிறவரிடம் போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர் அப்போது பரீட்சை ஹாலுக்குள் போகும் பையன் மாதிரி இருப்பார். நடுவர் தீர்ப்பு முடிந்து, மாடு படுத்து அசைபோட ஆரம்பித்த பிறகு வரும் நீண்ட மதியம்தான் உங்கள் நேரம். கேட்காமல் மாட்டைத் தட்டிக்கொடுக்கவும் வேண்டாம், மணிக்கணக்காக வாரிவிட்ட முடி கலைந்துபோகும். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கிருமிநாசினி விரிப்பு இருந்தால் மிதித்துவிட்டுப் போங்கள், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈ.கோலை கிருமி ஆடுமாடுகளிடமிருந்து வருவது வழக்கம்தான்.

சரி, எப்படிப் பேசுவது? "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று வரும், அதோடு கதை முடிந்தது. மாட்டைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை வயது, யார் வளர்த்தது, வீட்டில் இப்போது பால் கறப்பது யார். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் பல சமயம் எல்லாம் வெளியே வரும்: மகன் நகரத்துக்குப் போய்விட்டான், அப்பாவுக்கு முடியவில்லை, மனைவி போன மாதம் கிளம்பிப் போய்விட்டாள். முகத்துக்கு நேராக நின்று கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல், பக்கத்தில் கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு இருவரும் மாட்டைப் பார்த்தபடி பேசுங்கள். இடையில் பேச்சு நின்றால் நிற்கட்டும்.

இந்த வருஷம் மாடு கொண்டுவராமல் வெறுமனே சுற்றுகிறவர்களையும் கவனியுங்கள். மாட்டுக் காசநோய்ச் சோதனையில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்துத்தான் முடிவு பார்ப்பார்கள், அந்த மூன்று நாளும் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இருக்காது. நோய் தெரிந்த மாடு வெட்டுக்குப் போகும், பண்ணையிலிருந்து மற்ற மாடுகளை வெளியே அனுப்பவும் தடை வரும். 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோயில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன, அதில் நோயே இல்லாமல் பக்கத்துப் பண்ணை என்ற காரணத்துக்காகக் கொல்லப்பட்டவையும் ஏராளம். அதைப் பற்றி இன்றைக்கும் திடீரென்று பேச ஆரம்பிப்பார்கள். "பழசுதானே" என்று சொல்லிவிடாதீர்கள். "கடவுள் தாங்க முடியாததைத் தரமாட்டார்" என்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மாட்டுக் காசநோயைப் பரப்புகிறது என்று பேட்ஜர் என்ற காட்டு விலங்கைக் கொல்வது சரியா, 2024 அக்டோபர் பட்ஜெட்டில் பண்ணைகளுக்கு அறிவித்த வாரிசு வரி நியாயமா என்றெல்லாம் உங்கள் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

பேச்சு இருட்டான பக்கம் போனால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பொறுப்பாளருக்கு உடனே சொல்லுங்கள், ஆபத்து அப்போதே என்றால் அவசர எண் 999. பல பண்ணை வீடுகளில் உரிமத்தோடு துப்பாக்கி இருக்கும், அதனால் அது எங்கே இருக்கிறது, கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதும் உங்கள் வேலைதான், கூச்சப்படாதீர்கள். மனம் உடைந்தவர்கள் போனில் பேச சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண் 116 123, இலவசம், எந்நேரமும். 1995இல் தொடங்கிய ஃபார்மிங் கம்யூனிட்டி நெட்வொர்க், பணக்கஷ்டத்துக்கு 1860லிருந்து இருக்கும் ஆர்.ஏ.பி.ஐ., வேல்ஸில் டிர் தேவி, டிபிஜே ஃபவுண்டேஷன் என்று விவசாயிகளுக்கான உதவி அமைப்புகளும் உண்டு. பெரிய ஷோக்களில் இவர்களில் சிலருக்கு அங்கேயே ஸ்டால் இருக்கும். சீட்டைக் கையில் திணிப்பதைவிடக் கூடவே நடந்துபோய் அறிமுகப்படுத்துவது மேல். வெல்ஷ் பேசி வளர்ந்தவர் என்றால், துக்கத்தை அவர் தன் மொழியில்தான் பேச விரும்பலாம், குழுவில் வெல்ஷ் பேசும் ஒருவரை வைத்திருங்கள்.

ஜெபம்? கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சின்னதாக, மாட்டுப் பக்கத்திலேயே. வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் பேச்சைத் தொடருங்கள். எந்த மதமும் இல்லாதவர்கள்தான் பாதி நேரம் அதிகம் பேசுவார்கள்.

ராட்டினம் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள், டிராக்டர் கம்பெனி ஸ்டாலில் பத்து மணி நேரம் நிற்கிறவர்கள், கழிப்பறை சுத்தம் செய்கிறவர்கள், இரவில் இளைஞர் முகாமில் குடித்துவிட்டு அழுகிற பிள்ளைகள், இவர்களையும் சுற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. பள்ளத்தாக்குக் கிராமங்களில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், "உங்க மச்சானைப் பார்த்தேன்" என்ற ஒரு வார்த்தையே போதும், ஊருக்கே தெரிந்துவிடும். ஷோ முடிந்ததும் வீட்டில் வேலை குவிந்து கிடக்கும், அந்த வாரம்தான் பலருக்குக் கஷ்டம். சில கால்நடைச் சந்தைகளிலும் சேப்ளின்கள் இருக்கிறார்கள், அவர் பகுதியில் ஒருவர் இருந்தால் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.