செட்சி ஈக்களைப் பொறிவைத்துக் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிம்பாப்வேயின் சாம்பேசிப் பள்ளத்தாக்கு போன்ற சவானா நிலங்களில், இரத்தம் குடித்து நோய் பரப்பும் செட்சி ஈக்களின் பருவகால ஏற்ற இறக்கத்தை அறிய நீலமும் கறுப்புமான துணிப்பொறிகளை வைக்கிறார்கள். இந்த வேலையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே தவறிலிருந்து கிளைப்பவை: பொறியில் விழுந்த ஈக்களின் கணக்கையே காட்டிலுள்ள ஈக்களின் கணக்காகக் கொள்வது. பருவம் மாறும்போது ஈக்களின் தொகை மட்டுமல்ல, அவை பறக்கும் நேரமும் மாறிவிடுகிறது.

செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான கடுங்கோடையில், வெப்பநிலை ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஈக்கள் மரப்பொந்துகளிலும் விலங்குகளின் வளைகளிலும் ஒதுங்கிக்கொள்கின்றன. காலையிலும் மாலையிலும்தான் இரை தேடிப் பறக்கின்றன. ஜூன், ஜூலை மாதக் குளிரிலோ காலையில் நடமாட்டமே குறைந்து, பிற்பகலில்தான் அவை சுறுசுறுப்படைகின்றன. ஆகவே ஆண்டு முழுவதும் நண்பகலையொட்டிய சில மணி நேரம் மட்டும் பொறிவைப்பவர், தொகையை அளப்பதாக எண்ணிக்கொண்டு நடமாட்டத்தையே அளக்கிறார். பொறியை முழு நாளும் விட்டுவைத்து, வெப்பநிலையையும் உடன் குறித்துக்கொள்வதே தக்க வழி.

திடீர் உயர்வுகளை உடனே நம்பிவிடுவதும் தவறு. பெண் செட்சி ஈ முட்டையிடுவதில்லை. வயிற்றுக்குள்ளேயே வளர்த்த ஒரேயொரு புழுவை ஏறத்தாழ 9 அல்லது 10 நாளுக்கு ஒருமுறை ஈனுகிறது. அந்தப் புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிப் பின் ஈயாக வெளிவர ஒரு மாதமளவும், குளிர்காலத்தில் அதற்கு மேலும் ஆகிறது. இத்தனை மெதுவாகப் பெருகும் பூச்சியின் எண்ணிக்கை ஒரே வாரத்தில் மும்மடங்கானால், அதைப் பிறப்பால் வந்த பெருக்கம் என்று கொள்ள இடமில்லை. புல்வெளி எரிந்து பொறி தொலைவிலிருந்தே தெரியத் தொடங்கியதா, வெயிலில் வெளுத்த நீலத்துணியை நடுவில் மாற்றினார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஈக்களை ஈர்க்கும் ஆக்டெனால், ஃபீனால் போன்ற மணப்பொருள்களை வைத்திருக்கும் பாலித்தீன் பைகள் வெப்பம் கூடும்போது அதிகமாகக் கசியும் என்பதையும் மறக்கலாகாது.

மழைக்காலத்தில் பொறியைச் சுற்றி வளரும் புல்லை வெட்டாமல் விட்டால், ஈக்கள் இருந்தும் கணக்கு குறையும். எறும்புகள் செய்யும் கேடு இன்னும் எளிதில் கண்ணுக்குத் தப்புவது: கம்பத்தில் கிரீஸ் தடவாத பொறியின் கூண்டைத் திறந்தால், சில வேளை அடியில் சிறகுகள் மட்டுமே கிடக்கும். அந்த நாளைச் சுழியம் என்று எழுதிவிடக் கூடாது. பழுதான நாள் என்று தனியே குறிக்க வேண்டும். ஈ எதுவும் விழாத நல்ல நாளையோ, சுழியமாகவே கட்டாயம் பதிய வேண்டும்.

இனத்தையும் பாலினத்தையும் பிரிக்காமல் மொத்தமாக எண்ணுவதும் பயன் தராது. செட்சி இனங்களுள் கிளோசினா பாலிடிபெஸ் பொறிகளில் விழும் அளவுக்குக் கிளோசினா மோர்சிட்டான்ஸ் விழுவதில்லை. அதன் ஆண் ஈக்கள் அசையும் மாட்டைத் தொடர்ந்து வருவதால், மாட்டை நடத்திச் சென்று பிடிக்கும்போதுதான் மிகுதியாகக் கிடைக்கின்றன. மனா பூல்ஸ் தேசியப் பூங்காவிலுள்ள ரெக்கோமிட்ஜி ஆய்வு நிலையத்தில், மாடுகள்மீது வந்தமரும் பாலிடிபெஸ் ஈக்கள் 1990-இல் ஒரு மாட்டுக்கு ஒரு பிடிப்பு வேளையில் 50-க்கு மேல் இருந்தன. 2017-இல் அது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அதே இடத்தில், முறை மாறாமல் எடுத்த கணக்கு என்பதாலேயே அந்தச் சரிவை உயரும் வெப்பநிலையோடு பொருத்திப் பார்க்க முடிந்தது.